பயத்துக்கு ஒரு சிலிண்டர்

பஹ்மியா கதைக்கும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டாள். நெஞ்சைத்தான் பார்ப்பாள். கை தன்பாட்டில் கீரை ஆயும், வாய் மாளிகாவத்தையிலிருக்கும் உம்மாவின் முழங்கால் வலியைச் சொல்லும், கண் மட்டும் என் சேலைத் தலைப்பு ஏறி இறங்குவதிலேயே நிற்கும். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் சுவருக்குச் சுவர் குடியிருந்து மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"என்ன பிள்ளை பாக்கிறாய்? சேலை கிழிஞ்சிருக்கோ?"

"இல்ல ஆச்சி, மூச்ச எண்ணுற. ஒங்களுக்கு நிமிஷத்துக்குப் பதினெட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் இருந்துதானே மூச்சை எண்ணுவார்கள்.

அவளுடைய புருஷன் ராசிக்கும் கூட்டாளி பௌஸியும் சுழியோடிகள். துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலுக்குள் புகுந்து பித்தளைச் சாமான் கழற்றுவது தொழில். கப்பலின் வயிறு குகை மாதிரியாம், மேலே இரும்புக் கூரை. மூச்சு முட்டினால் நேரே மேலே வர வழியில்லை. போன வழியே திரும்பி வாசலுக்கு வரவேண்டும். முதுகில் ஒரு பெட்டி இருக்கும். அது விட்ட மூச்சையே வெள்ளைச் சுண்ணாம்பு மணிகளுக்குள்ளால் அனுப்பிச் சுத்தமாக்கித் திருப்பித் தரும். விட்ட மூச்சை மறுபடி குடிப்பதா என்று நான் வாயில் கை வைத்தேன்.

"பெட்டி நிண்டுபோனா?"

"அதுக்குத்தான் ஆச்சி, இடுப்பில ஆளுக்கொரு சிலிண்டர். அதில எவ்வளவு காத்து இரிக்கோணும் எண்டு பாக்கிறது என்ட வேல."

நூறடி ஆழத்தில் எடுக்கும் ஒரு மூச்சு, மேலே எடுக்கும் நாலு மூச்சின் காற்றைத் தின்னுமாம். கடைசி அறையிலிருந்து கப்பல் வாசலுக்குப் பன்னிரண்டு நிமிஷம், வாசலிலிருந்து மேலே வர இன்னும் பத்து. இதோடு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் பெருக்கிக் கூட்டிப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதிவைப்பாள். "கணக்கு அவட, உசிரு என்ட" என்று ராசிக் சிரிப்பான். நாற்பது பக்கக் கொப்பியை நம்பி ஒரு மனுசன் கடலுக்கடியில் போகிறானே என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்துக் கோட்டைப் பகுதியில் குண்டு வெடித்த வருடம், ஒரு காலையில் இராணுவச் சுற்றிவளைப்பு. எங்களை எல்லாம் கீழே இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என்னுடையது யாழ்ப்பாணத்து அடையாள அட்டை; அப்படியானவர்கள் பொலிஸில் பதிந்திருக்கவேண்டும். பொலிஸ் பதிவுத் துண்டு எங்கே என்று ஆமிக்காரன் கேட்டான். சேலைத் தலைப்பில்தான் முடிந்திருந்தேன்; அவசரத்தில் இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. பஹ்மியா பக்கத்தில் வந்து நின்று சிங்களத்தில் எனக்காகக் கதைத்து, முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் போனதும் என் தோளைப் பிடித்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நாப்பத்திரண்டு" என்றாள். அவளுடைய முகம் வெளுத்திருந்தது.

"நான் இஞ்ச செத்துக்கொண்டு நிக்கிறன், நீ எண்ணிக்கொண்டோ நிண்டனி?"

"அதில்ல ஆச்சி. நான் கொப்பியில பிழையா எழுதிட்டன்."

ராசிக்கின் மூச்சை அவள் எண்ணியது, அவன் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்த வேளையில். பன்னிரண்டு. பௌஸிக்கும் அப்படியே, பள்ளிவாசலால் வந்த கையோடு. ஒரு நாளில் அவர்களுடைய நெஞ்சு ஆறி இருக்கிற நேரமே அதுதான். இருட்டுக்குள் பெட்டி நின்றுபோனவன், பாயில் இருக்கிறவனைப் போலவா மூச்சு விடுவான்? அந்தக் கணக்கோடுதான் ஒரு வருடமாக இருவரும் உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

"மூணாவது சிலிண்டர் ஒண்டு கப்பல் வாசல்ல கட்டோணும்" என்று அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள்.

"துறைமுகப் பாஸில ரெண்டுதான் எழுதி இரிக்கி. மூணாவதத் தூக்கிட்டுப் போனா ஆமிக்காரன் குண்டெண்டு செல்லி என்ன உள்ளுக்குப் போடுவான். ஒனக்குப் பயமெண்டா ஒரு ப்ளேன்டீ குடி."

சுண்ணாம்பு மணி டின்னைத் தூக்கி வந்து என் அரிசிப் பெட்டிக்குள் புதைத்தாள். அந்த மணி இல்லாமல் முதுகுப் பெட்டி வேலை செய்யாது. ராசிக் வந்து கதவைத் தட்டினான்.

"ஆச்சி, அதத் தாங்க. தொழிலுக்குப் போகோணும்."

"அரிசி முடியட்டும் தம்பி, தாறன்."

"எப்ப முடியும்?"

"நான் கொஞ்சமாச் சாப்பிடுற ஆள்."

நாலு நாள் துறைமுக வாசலில் காய்ந்து, மூன்றாவது சிலிண்டரைப் பாஸில் எழுதுவித்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகுதான் டின்னைக் கொடுத்தேன்.

மூன்று கிழமை போயிருக்கும். மத்தியான நேரம் பௌஸி வந்து அவர்கள் வீட்டு நிலையில் சாய்ந்து நின்றான். உதடு இரண்டும் வெந்து வெள்ளையாய் இருந்தது. "மதினி" என்றான். அதற்குமேல் சத்தம் வரவில்லை. பஹ்மியா அவன் தோளுக்கு மேலால் படியைப் பார்த்தாள். பிறகு படியில் காலடி கேட்டது. தோளில் மூன்றாவது சிலிண்டரோடு ராசிக் ஏறி வந்தான்.

பௌஸியின் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சுண்ணாம்பு கரைந்து வாய்க்குள் வந்துவிட்டதாம். இடுப்புச் சிலிண்டருக்கு மாறினானாம். அது கப்பல் வாசல் தெரியுமுன்பே தீர்ந்துவிட்டதாம். மிச்சத் தூரத்தை மூச்சில்லாமலே நீந்தி, வாசலில் கட்டியிருந்ததைத் தடவிப் பிடித்தானாம். ராசிக் இதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இதில எவ்வளவு மிஞ்சின?" என்று பஹ்மியா கேட்டாள்.

இரண்டு ஆம்பிளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் காற்றளவு காட்டும் முள்ளைப் பார்த்திருக்கவில்லை.

அவள் சிலிண்டரை வாங்கித் தரையில் கிடத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திருகினாள். காற்றுச் சீறியது. சீறலுக்கு நேரே தன் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தாள். சீறல் மெலிந்து, நூலாகி, நின்றது; மிஞ்சியிருந்தது ஒரு சில மூச்சுத்தான். அதற்குப் பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.