மூழ்கிய ஊரின் கடைசிப் படிக்கட்டு

வீடியோ கேம் கன்ட்ரோலரை என் மகள் தன் தாய்மாமனிடம் கொடுத்த விதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். என் மனைவியின் தம்பி ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தான். கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டைச் சமையலறையில் போட்டுவிட்டு, முகம் கழுவி, சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்தாள். அடுத்த முறை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். நான் இடது ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீட்டுவதற்காகப் பாதி தூக்கிய கையை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதற்குப் பயன்படுத்திக்கொண்டேன். செய்தியாளனாக இத்தனை ஆண்டுகள் பிறர் முகங்களைப் பார்த்து எழுதியவன் நான். அன்று என் முகத்தை யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

அந்த வீடியோ கேம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். எங்கள் அலுவலகப் புகைப்படக்காரர் புதிது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. சுட்டுத்தள்ளும் விளையாட்டுகளும் கார்ப் பந்தயமும் இருவருக்குமே பிடிக்கவில்லை. நாங்கள் கண்டுபிடித்தது வேறு வகை. அதில் சின்னஞ்சிறு உருவம் ஒன்று இடமிருந்து வலமாக நடந்துகொண்டே இருக்கும். வழியில் பள்ளம், சுவர், பூட்டிய கதவு என்று ஏதாவது வரும். பெட்டியை நகர்த்தி, கயிற்றைப் பிடித்து, விசையைத் திருப்பி, யோசித்து யோசித்துத் தாண்ட வேண்டும். பேச்சு கிடையாது. பின்னால் காற்றும் மழையும் இருக்கும், தூரத்தில் ஏதோ இயந்திரம் ஓடும். இவ்வளவுதான். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், செத்த நேரத்தில் திண்டுக்கல்லின் வெயிலும் வாகன இரைச்சலும் எங்கோ போய்விடும்.

இந்த இடத்தில் தாய்மாமனின் உரிமைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மகளுக்குக் காது குத்தியபோது அவள் உட்கார்ந்திருந்தது அவன் மடியில். நான் கூட்டத்தில் நின்று, அவள் அழும்போது கிலுகிலுப்பையை ஆட்டினேன். அவள் பெரியவளானபோது மண்டபத்துக்குள் முதலில் நுழைந்தது அவன் கொண்டுவந்த சீர்த்தட்டுகள். நான் வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டேன். இதில் எனக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. முறை அப்படி. மடியும் தட்டும் மாலையும் அவனுடையவை. அதனாலேயே, எந்தச் சடங்கிலும் சேராத இந்த விளையாட்டு மட்டும் எனக்கும் அவளுக்குமானது என்று நினைத்திருந்தேன். அதற்கு யாரும் சீர் கொண்டுவர முடியாது.

எங்கள் ரசனையும் ஒன்றாகத்தான் இருந்தது. கறுப்பும் சாம்பலுமான தொழிற்சாலைகள், ஆள் இல்லாத ரயில் நிலையம், ஒரே ஒரு சரியான விடை மட்டும் உள்ள புதிர். அப்படிப்பட்டவை எனக்குப் பிடிக்கும். ஒரு பூட்டு திறக்கும்போது எழும் அந்தச் சிறிய 'டக்', நல்ல தலைப்பு ஒன்று கச்சிதமாகப் பத்தியில் அடங்குவதைப் போன்ற மகிழ்ச்சி. அவளும் அப்படித்தான் சொல்வாள். "அப்பா, இது ரெண்டாவது பெட்டிய இழுத்தாத்தான் திறக்கும்," என்பாள் மெல்லிய குரலில். சத்தமாகப் பேசினால் அந்த இடம் கலைந்துவிடும் என்று இருவருமே நினைத்தோம். வீட்டில் ஒரு விதி இருந்தது. திரையில் இருக்கும் உருவம் செத்தால் கன்ட்ரோலர் கைமாற வேண்டும். விதியைப் போட்டவன் நான். நான் அதிகம் சாகமாட்டேன்.

மைத்துனன் ஞாயிறுதோறும் வரத் தொடங்கியபிறகு எல்லாமே சத்தமாக நடந்தது. கமிஷன் மண்டியில் நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை அவனுடையது. பி.காம். படித்தவன், கணக்கில் கெட்டி, ஆனால் கன்ட்ரோலரை எடுத்தால் கைவிரல் பத்தும் கட்டைவிரல்தான். திரையில் தண்ணீர் ஏறினால் சோபாவின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொள்வான். உருவம் தாண்டும்போது இவனும் ஒரு பக்கமாகச் சாய்வான். பக்கத்தில் இருப்பவள் நசுங்குவாள், சிரிப்பாள். விழுந்தால் குற்றம் எப்போதும் திரையுடையது. "நான் சரியாத்தானுங்க அமுக்கினேன் மச்சான். அதுதான் தாண்டல."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "என்ன, பொம்மை மறுபடி செத்துப்போச்சா? மூணு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க. வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆயிறதுக்கு ஒரு ஆள் வாங்க." யாரும் போகமாட்டோம். நான் போனால் அந்தச் சோபாவில் இரண்டு பேர் மிச்சமிருப்பார்கள். அதனால் நான் போகமாட்டேன்.

அவன் ரசனை எனக்கு நேர் எதிர். புதிர்கள் அவனுக்கு இடைஞ்சல். மலைச்சரிவு, மஞ்சள் வெளிச்சம், பறவைக் கூட்டம், மெல்லிய இசை இருந்தால் போதும். ஒரு மரத்தடியில் உருவத்தை நிறுத்திவிட்டு மழையைக் கேட்பான். நானாக இருந்தால் அந்த நேரத்தில் இரண்டு கதவைத் திறந்திருப்பேன். "நடங்க மாப்ள," என்பேன். "ஏனுங்க மச்சான், இப்புடி வெரட்டறீங்க? டவுன் பஸ்ஸா போகப்போவுது? செத்த நில்லுங்க." அவள் அவன் பக்கம் திரும்பி, "மாமா, அந்த மேகத்தப் பாருங்க, நகருது," என்பாள். நான்கு ஆண்டுகள் என்னோடு விளையாடியவள் ஒரு மேகத்தைக்கூட எனக்குக் காட்டியதில்லை. மேகம் அங்கே எப்போதும் இருந்திருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டைத் தொடங்கினோம். தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் ஓர் ஊர். கண்ணாடி விளக்கோடு ஒரு சிறுமி கூரை கூரையாகத் தாண்டிப் போகிறாள். நீர்ச் சக்கரங்களைத் திருப்பினால் ஒரு தெருவில் தண்ணீர் வடியும், இன்னொரு தெருவில் ஏறும். எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரு கதவு இருக்கிறது என்பது முதல் காட்சியிலேயே காட்டப்பட்டுவிடும். "நான் ஹாஸ்டலுக்குப் போறதுக்குள்ள அந்தக் கதவ நம்ம ரெண்டு பேரும் சேந்து தொறக்கணும்பா," என்று அவளாகச் சொன்னாள். நான் சரி என்றேன். அந்த ஆண்டு முழுக்க நான் எதிர்பார்த்திருந்தது அதை மட்டும்தான் என்று இப்போது எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

மைத்துனன் அதிலும் வந்து உட்கார்ந்தான். முதல் நாள் அந்த ஊரைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது: "இம்புட்டுத் தண்ணியும் சும்மா கெடக்குது பாருங்க மச்சான். ஒரு குழாயப் போட்டு நம்ம பக்கம் திருப்பினா வேடசந்தூர் வரைக்கும் ரெண்டு போகம் எடுக்கலாம்." குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர் எங்களுடையது. மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவன் செத்துக்கொண்டே இருந்ததால் கன்ட்ரோலர் ஓயாமல் கைமாறியது. என் காலத்தில் அவள் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், நான் தவறு செய்ய வேண்டுமே. இப்போது அவளுக்கு நிறைய முறை கிடைத்தது. இதுகூடப் பரவாயில்லை. ஒரு ஞாயிறு நான் கவனித்தது வேறு. ஓர் உடைந்த பாலம். அதை அவள் முந்தைய வாரமே கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறாள். அன்று பாலத்தின் விளிம்புக்கு வந்தாள், நின்றாள், ஓரக்கண்ணால் மாமனைப் பார்த்தாள், நேராக நடந்து தண்ணீரில் விழுந்தாள். "அச்சச்சோ," என்றாள். குரலில் வருத்தமே இல்லை. கன்ட்ரோலர் அவனிடம் போனது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. "விடு அம்மிணி, மாமன் பாத்துக்கறேன்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்காக அவள் விழுந்தாள். எனக்காக அவள் விழுந்ததே இல்லை. நான் முன்பு விளையாடிய ஒவ்வொரு நாளையும் நினைவில் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அவள் விடுதிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, சாப்பாட்டுக்கு முன்பே கடைசிக் கட்டத்தை எட்டிவிட்டோம். மைத்துனன் வரட்டும் என்று அவள் காத்திருந்ததால், தொடங்கும்போதே மூன்று பேர்தான். நீண்ட படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் பின்னால் தண்ணீர் ஏறி வருகிறது. கடைசிப் படியில் அது நின்றுவிடுகிறது. எதிரே கதவு. கதவிடுக்கு வழியாக வெளிச்சம். சிறுமி விளக்கோடு நிற்கிறாள். ஒரே ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கன்ட்ரோலர் மகள் கையில் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"போதுமுங்க மச்சான். இங்கியே நிக்கட்டும்."

"என்ன மாப்ள இது? இம்புட்டுத் தூரம் வந்தது எதுக்கு?"

"தொறந்தா முடிஞ்சு போயிருமில்லீங்க. தொறக்காம வுட்டா, அது பாட்டுக்கு நின்னுக்கிட்டிருக்கும். அம்மிணி லீவுக்கு வாறப்ப எல்லாம் வந்து பாத்துக்கலாம்."

அபத்தம் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. முடிவில்லாமல் விடுவதற்கு யாரும் ஒன்றைத் தொடங்குவதில்லை. ஆனால் மகள் கன்ட்ரோலரை டீப்பாயின் மேல் வைத்தாள். "மாமா சொல்றதும் நல்லாத்தான்ப்பா இருக்கு. இருக்கட்டுமே." அது எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுத்து அமுக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கதவு திறந்திருக்கும். திறந்தவன் நான் ஒருவனாக இருந்திருப்பேன். "சாப்பிடலாம்," என்று எழுந்தேன். சாப்பிடும்போது அவன் இரண்டாவது முறை ரசம் கேட்டான். அவனுக்குப் பசி நன்றாகவே இருந்தது.

அவள் புறப்பட்டது இரண்டு நாள் கழித்து, மதிய ரயிலில். அன்று காலை எரியோட்டில் விவசாயிகள் விலை இல்லாத தக்காளியைச் சாலையில் கொட்டுகிறார்கள் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்து, பேசி, எழுதி அனுப்பிவிட்டு நேராக ரயில் நிலையத்துக்குப் போனேன். செருப்பில் தக்காளிச் சாறு காய்ந்திருந்தது. அவளும் அம்மாவும் முன்பே வந்து நின்றார்கள். மைத்துனன் ஒரு பெட்டி நிறையக் கொய்யாப்பழத்தோடு நின்றான். ரயில் கிளம்பியபோது எனக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரே கையசைப்பு. அது யாரைப் பார்த்து என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

விடுதியிலிருந்து அவள் என்னைத் தனியாகப் போனில் அழைத்த முதல் மாலை, சாப்பாடு, அறை, தோழிகள் எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பழைய நாட்களில் புதிருக்கு விடை சொல்லும் அதே குரல்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? நான் அந்தக் கதவத் தொறந்துட்டேன்."

"எப்ப?"

"ஹாஸ்டலுக்குக் கெளம்பின அன்னைக்கு. நீங்க எரியோடு போயிருந்தீங்க. அம்மா குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. சும்மா ஆன் பண்ணினேன், தொறந்துட்டேன். என்னால அப்படியே விட்டுட்டுப் போக முடியலப்பா."

முடிவைக் காணாமல் விட முடியாதவள், என் மகள். எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் ரசனையைத் தாண்டி என் ரசனை வென்றுவிட்டது என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிந்த ரகசியம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த மகிழ்ச்சி சரியாக அடுத்த வாக்கியம் வரை இருந்தது.

"மாமாட்ட மட்டும் சொல்லிறாதீங்கப்பா. பாவம், அவரு அது இன்னும் அங்க நின்னுக்கிட்டிருக்குன்னு நெனச்சுக்கிட்டிருப்பாரு. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவாரு."

"சொல்லமாட்டேன்," என்றேன். சேர்ந்து திறப்பதாகச் சொன்னதை அவள் மறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவுக்கு அதெல்லாம் பெரிதில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது என் தொழில். ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் உண்டு, இரண்டையும் கேட்க எனக்கு விருப்பமில்லை. மனம் ஒடிந்துபோகக்கூடியவன் என்று அவள் பாதுகாத்தது அவனை. எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியதால் என்னிடம் சொன்னாள்.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைகளில் வேறு விளையாட்டுகள் வந்துவிட்டன. அந்த மூழ்கிய ஊரை மட்டும் அவள் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுவிடுவாள். கடைசிக் காட்சி பெட்டியில் திறந்துதான் கிடக்கிறது, நான் போய்ப் பார்த்ததில்லை. மைத்துனன் காய்கறியோடு வருவது நிற்கவில்லை. போன வாரமும் வந்தான். காபி டம்ளரோடு சோபாவில் உட்கார்ந்து, அணைந்து கிடந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மச்சான், நம்ம புள்ள இன்னும் அந்தப் படியிலதான நிக்குது?"

ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். உண்மையைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"அங்கதான் மாப்ள நிக்குது. எங்க போகப்போகுது?"

"அதான பாத்தேன்," என்று அவன் நிம்மதியாகக் காபியைக் குடித்தான். அவள் கேட்டுக்கொண்ட இந்த ஒரு காரியத்தை அவனால் செய்ய முடியாது. நான்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை அவன் கேட்கும்போதும், முந்தைய முறையைவிடக் கொஞ்சம் நன்றாகவே செய்கிறேன்.