எழுந்திருக்கும் முன்

மனைவி இருந்தவரை புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் அவளுடையது. அவள் போன பிறகு அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் தனியாக இருந்தேன். அந்தச் சனிக்கிழமை, பிரஷர் மாத்திரையை மட்டும் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைக்கோயிலுக்குப் போனேன். மாத்திரை விரதத்தை முறிக்காது, தண்ணீர் முறிக்கும் என்பது என் கணக்கு. சன்னதியில் விழுந்து சேவித்து எழுந்தேன், தூண்கள் சாய்ந்தன. யாரோ இருவர் தாங்கி உட்கார வைத்தார்கள்.

பம்பாயில் இருந்த மகனிடம் போனில் சொன்னேன். இதயத்தில் கோளாறு என்றால் லீவு போட்டு வருகிறேன், டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்றான். அவனைப் பார்த்து மூன்று தீபாவளி ஆகியிருந்தது.

ஞாயிறு முழுக்க மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போனது. பயமாக இருந்தது. அவன் படுக்கிற மெத்தையை எடுத்து வெயிலில் போட்டேன்.

திங்களன்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஈசிஜி எடுத்துவிட்டுப் படம் வரைந்து காட்டினார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு. வலது மேலறையின் உச்சியில் மின்சாரம் பிறக்கிறது. கீழறைகள் நிரம்பட்டும் என்று நடுவில் கணநேரம் தங்கி, பிறகு கீழே பரவுகிறது. எனக்குத் துடிப்பு விட்டுப்போகவில்லையாம். ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடுவதால் அடுத்தது தாமதிக்கிறதாம். பலருக்கும் உள்ளதுதான் என்றார்.

பிறகு படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். கழுத்து ரத்தக்குழாயில் உள்ள நரம்புகள் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமாக அடிக்கும், குழாய்கள் இறுகும். வயதானால் அது மெதுவாகத்தான் நடக்கும். அதிலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால்?

“தண்ணி குடிக்காதன்னு பெருமாளா சொன்னாரு?” என்றார். “செத்த நேரம் உக்காந்துட்டு எந்திரிங்க. இதயத்துக்கு ஒண்ணுமில்ல.”

பஸ் நிலையத்துக்கு எதிரே எஸ்டிடி பூத்திலிருந்து மகனிடம் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. அப்ப நான் வர வேண்டாம்லப்பா?”

கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

“வேண்டாம்பா.”

போனை வைத்த பிறகும் ஸ்டூலிலேயே இருந்தேன். பூத்துக்காரப் பெண் கதவைத் திறந்தாள்.

“பேசியாச்சா ஐயா? வெளிய ஆளுக நிக்காக.”

“இந்தா எந்திரிக்கேன்மா. செத்த நேரம் உக்காந்துட்டுத்தான் எந்திரிக்கணுமாம், டாக்டர் சொல்லியிருக்காரு.”