பேத்தை மீனும் ஒரு நேர்முகத் தேர்வும்

பக்கத்து வீட்டு மிஸிஸ் பார்க்கர் நல்ல மனுஷி. பனி கொட்டிய நாட்களில் என் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவார். ஆனால் காலையில் நான் கதவைப் பூட்டித் திரும்பியதும், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "எங்கே புறப்பட்டுவிட்டாய்?" என்று கேட்பார். என் கால் அப்படியே நின்றுவிடும். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது மாறவில்லை. வெளிக்கிடுகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். திரும்பி உள்ளே போய், மாடிப்படியில் சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அதற்குள் பஸ் போய்விடும். எனக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று மிஸிஸ் பார்க்கர் முடிவு கட்டி, ஒருநாள் மருந்துப் போத்தல் ஒன்று கொண்டுவந்து தந்தார். நானும் நன்றி சொல்லி வாங்கி வைத்தேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருக்கு எப்படி விளக்குவது?

அந்தக் கேள்வியை நானே ஒருமுறை கேட்டிருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

குணபாலன் உரும்பிராய்க்காரன், தோட்டக்காரக் குடும்பம். நான் வல்வெட்டித்துறை. பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்து, ஒரே தட்டில் சாப்பிட்டுப் படித்தோம். பட்டம் எடுத்தபின் இருவரும் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு காலம் பார்த்திருந்தபோதுதான் அந்த விளம்பரம் வந்தது. மருத்துவ ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பும் புலமைப்பரிசில். இலங்கைக்கு ஓர் இடம். எதை ஆராயப்போகிறாய் என்று எழுத வேண்டும். எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எங்கள் கரையில் வலையில் பேத்தை மீன் வந்தால் என்னைப் பெற்ற ஐயா அதைக் காலாலேயே தட்டி எறிவார். தின்றவனுக்கு முதலில் உதடு விறைக்கும், பிறகு கை கால், கடைசியில் மூச்சு. நினைவு மட்டும் தெளிவாக இருக்குமாம். அந்த நஞ்சு நரம்பை எப்படி நிறுத்துகிறது என்பதை அறிவதுதான் என் ஆசை. பேத்தை எது என்றே தெரியாத குணபாலனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், மணலில் ஊதிப்போய்க் கிடந்த ஒன்றைக் காட்டியதும் நான்தான். தான் ஈரலைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னான். நான் எழுதியதை வாங்கி வாசித்து, இங்கிலீஷைத் திருத்தியும் தந்தான்.

எங்கள் வீட்டிலும் டெலிபோன் இல்லை, அவன் வீட்டிலும் இல்லை. கொழும்பில் கந்தோர் வேலையிலிருந்த அவனுடைய மாமாவின் பெயரையும் டெலிபோன் நம்பரையுமே தொடர்புக்கு இருவரும் கொடுத்திருந்தோம். நேர்முகத் தேர்வு நெருங்கிய சமயம் ஒரு பின்னேரம் குணபாலன் சைக்கிளில் வந்தான்.

"மச்சான், இன்ரவியூவைப் பின்போட்டாச்சாம். மாமா சொல்லியனுப்பினவர். திகதி தெரிஞ்ச உடனை வந்து சொல்லுறன்," என்றான். அம்மா அவனுக்குச் சோறு போட்டார். கணவாய்க் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சில நாள் கழித்து, பள்ளிக்கூட விடுமுறையில், சேர்ந்து படிக்கலாம் என்று நான் விடியவே சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனேன். வாசல் படலையடியில் குணபாலன் வெளிக்கிட்டு நின்றான். நெற்றியில் திருநீறு, வெள்ளை நீளக் காற்சட்டை, கையில் சூட்கேஸ், காலில் சப்பாத்து. சப்பாத்தைக் கண்டதும் பெண் பார்க்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் கட்டாயம் கேட்கக் கூடாது. அவன் அம்மா சகுனம் பார்த்து ஒழுங்கையை எட்டிப் பார்த்தபடி நின்றார். "வெளிக்கிட்டாச்சோ?" என்று மட்டும் கேட்டேன். "ஓம்," என்றான். பஸ் வரச் சுணங்கும் போலிருந்தது. சப்பாத்தில் புழுதி படக்கூடாதே என்று அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக் கோண்டாவில் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். வழி முழுக்க அவன் தலையைக் குனிந்தபடி சூட்கேஸை அணைத்துக்கொண்டிருந்தான். வெட்கப்படுகிறான் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பிறகு பல வாரம் அவனைக் காணவில்லை. நானே தேடிப் போனபோது அவன் வீட்டில் இல்லை. அவன் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஒரு தட்டு மோதகத்தோடு வந்தார்.

"தம்பி, அண்டைக்கு நீர் ஏத்திக்கொண்டு போன ராசிதான். இன்ரவியூவிலை இவனைத்தான் எடுத்திருக்கினம். இந்தாரும், சாப்பிடும்."

அந்த மனுஷிக்கு ஒன்றும் தெரியாது. மோதகத்தை வாங்கிச் சாப்பிட்டேன். தேர்வைப் பின்போடவே இல்லை, அவனை அதற்கு ஏற்றிப்போய் விட்டவனும் நானே. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்து, கொழும்பில் தேர்வுக் குழுவின் முன்னால் இருந்தேன். பேத்தை மீன் நஞ்சா, அதற்கு ஏற்கெனவே ஒருவரை அனுப்பிவிட்டோமே என்றார்கள். ஈரல் என்று சொன்னது முழுப் பொய். என் நண்பன் என் இடத்தை மட்டுமல்ல, என் மீனையும் கொண்டுபோய்விட்டான்.

நான் இங்கே வந்தது வேறு வழியால். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மற்றவர்களுடைய ஆராய்ச்சிக்குத் தசை சீவிச் சாயம் ஏற்றிக் கொடுக்கிற வேலை. போன மாதம் என் மேலதிகாரி, உன் நாட்டு ஆள் ஒருவர் அமெரிக்காவிலிருந்து விரிவுரைக்கு வருகிறார் என்று குணபாலனின் பெயரைச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு என்றேன். உனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். அவனுடைய படங்களைத் திரையில் காட்டும் வேலையும் எனக்கே வந்தது. ஊதிப்போன பேத்தை ஒன்று சுவரளவு பெரிதாக எழும்பியது.

ஊர்க்காரனை ஹோட்டலில் விட மனம் கேட்காத பழக்கம் ஒன்று எங்களிடம் இருக்கிறதே. அன்றிரவு அவன் என் வீட்டில்தான் தங்கினான். ஊரைப் பற்றி, வாத்திமாரைப் பற்றி எல்லாம் கதைத்தோம், அதை மட்டும் கதைக்கவில்லை. காலையில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு கதவில் கை வைத்தான். அவன் போவது விமான நிலையத்துக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"எங்கை போறாய்?"

குணபாலன் நின்றான். உலகமெல்லாம் சுற்றிய பேராசிரியன், சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டு மாடிப்படியில் போய் இருந்தான். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். பாதி குடித்தபின் தம்ளரைப் பார்த்தபடியே சொன்னான்: "அண்டைக்கு நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்."

"நான் கேக்கமாட்டனெண்டு உனக்குத் தெரியும்," என்றேன்.

டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான். குணபாலன் எழுந்து போனான். மன்னிப்புக் கேட்பான் என்று இத்தனை காலம் காத்திருந்த நான் எவ்வளவு பெரிய மடையன். செய்ததையும் செய்து, குற்றத்தை என் வாயில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை கதவைப் பூட்டித் திரும்பினேன். மிஸிஸ் பார்க்கர் தலையை நீட்டி அதே கேள்வியைக் கேட்டார். வேலைக்கு என்று வாய் இங்கிலீஷில் பதில் சொன்னது. கால் உள்ளே திரும்பிவிட்டது. படியில் அவன் வைத்துவிட்டுப் போன தம்ளர் பாதித் தண்ணீரோடு அப்படியே இருந்தது. அதற்குக் கீழ்ப்படியில் இருந்தேன். வெளியே என் பஸ் வந்து நின்று, போகும் சத்தம் கேட்டது.