ஊறவிடாத பிஸ்டன்

கரிமூட்டை சுமந்த வண்டியாதலால், இன்ஜினுக்குள் கரித்தூள்தான் அடைத்திருக்கிறது என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். திருச்சுழி அருகே எங்கள் ஊரில், மூன்று ஆண்டுகள் கொட்டகையில் நின்ற அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை என் கணவர் பிரித்தபோது, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. மழைநீர் இறங்கித் துருப்பிடித்தது பின்னர்தான் தெரிந்தது.

இறுக்கம் தளர அவர் சிலிண்டருக்குள் டீசலை ஊற்றிவிட்டு, "நாலு நாளு ஊறட்டும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே நான், "கரித்தூளுக்குப் போயி நாலு நாளா? ஊறப்போட இதென்ன உளுந்தா? ரெண்டு தட்டுத் தட்டுங்க" என்று கேலி செய்தேன்.

"இந்தா, தட்டிட்டேன்" என்று சிரித்தபடி இரும்புச் சுத்தியலால் பிஸ்டன்மீது அடித்தார். தெறித்த சில்லு அவருடைய வலக்கண்ணில் பாய்ந்தது. மதுரை மருத்துவர்களாலும் அந்தக் கண்ணின் பார்வையை மீட்க இயலவில்லை.

அவர் ஒருநாளும் என்னைக் குறை கூறியதில்லை. இப்போது கிணற்று மோட்டாரில் ஒரு போல்ட் இறுகினாலும், எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருக்கிறேன். தட்ட நேர்ந்தால் இடையில் மரக்கட்டை வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே தட்டுகிறேன்.

பிள்ளைகள் அருப்புக்கோட்டைக்குக் குடிபோய்விட்டார்கள். வீட்டில் அவரும், அவருடைய இடப்பக்கமாகவே உட்காரப் பழகிவிட்ட நானும் இருக்கிறோம்.