ஒச்சப்பனுக்காகப் பதில் சொல்கிறவள்

"அப்ப முழுக் காசையும் குடுத்து வாங்குனவன் கேணப்பயலா?" என்று பாத்திரம் தேய்க்கிற தொட்டியைப் பார்த்துக் கேட்கிறாள் மரகதம். தொட்டி வாயைத் திறக்கவில்லை. கேணப்பயல் வேண்டாம் என்று அவளுக்கே தோன்றுகிறது. "இளிச்சவாயனா?" என்று மாற்றிக் கேட்டுப் பார்க்கிறாள். அதுதான் சரி. எவ்வளவு கோபம் வந்தாலும் ஒச்சப்பன் இளிச்சவாயன் வரைக்கும்தான் போவார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்து, ஒற்றை விரலால் குத்திக் குத்தி அதை எழுதி அனுப்புகிறாள். அப்புறம்தான் அடுப்பில் சோறு இருக்கிற நினைப்பு வருகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வங்காளத்து ஷிப்ராவுக்கு இது பழகிப்போன சத்தம். அரசாங்கக் குவார்ட்டர்ஸ் சுவர் என்ன பெரிய கனம்? புதிதாகக் குடிவந்தபோது, ஒண்டியாக இருக்கிற பொம்பளை வீட்டுக்குள் யாரோடு மல்லுக்கட்டுகிறாள் என்று மிரண்டுபோய் வந்து கதவைத் தட்டினாள். "கிஸ்கே சாத் ஜகடா கர்தா ஹை, தீதி?" யாரோடு சண்டை என்று கேட்டால் என்ன சொல்வது? மரகதம் அலுப்போடு சொன்னாள்: "கோயம்புத்தூர்வாலா கே சாத்."

அந்தக் கோயம்புத்தூர்க்காரன் பெயர் அருண்பிரசாத். மரகதம் அவனை நேரில் பார்த்ததில்லை. மரகதம் என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் சண்டை போடுவது ஒச்சப்பன் அண்ணனோடு. ஒச்சப்பன் மரகதத்தின் வீட்டுக்காரர். அவர் செத்து நாலு வருஷம் ஆகிறது.

விஷயம் இதுதான். இணையத்தில் 'யாருக்குச் சொந்தம்?' என்று ஒரு தமிழ்க் குழு இருக்கிறது. பேட்டன்ட், காப்பிரைட், பெரிய பெரிய கம்பெனிகளின் அட்டகாசம், இதெல்லாம்தான் அங்கே பேச்சு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்குப் பிழைக்க வந்து, ஃபீனிக்ஸ் பே படகுப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த மனிதருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு எஞ்சின்தான் அவரை உள்ளே தள்ளியது. லாங் ஐலண்ட் போகிற படகுக்குப் புது எஞ்சின் வந்திருந்தது. அதில் விரல் அளவு சென்சார் ஒன்று போனது. ஒச்சப்பன் வேறொன்றை வாங்கி மாட்டினார். எஞ்சின் கிளம்ப மாட்டேன் என்றது. மாட்டியது கம்பெனி சாமான் இல்லை என்று உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம். கம்பெனி ஆள் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்து எதையோ சொருகித் திறந்துவிடுகிற வரைக்கும் படகு கட்டிக் கிடந்தது. ஜனங்கள் படகுத்துறையில் மூட்டையும் முடிச்சுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"படகு நம்மளுது, ஸ்பேனரு நம்மளுது, பூட்டு மட்டும் அவிய்ங்களுதா? என்னடி நியாயம் இது?" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். மரகதம் என்ன நியாயத்தைக் கண்டாள்? சோற்றைப் போட்டாள். அன்றைக்குப் பிடித்த பேய்தான். அதற்குப் பிறகு அவர் சாப்பிடும்போதும் அந்தப் பேச்சு, சவரம் பண்ணும்போதும் அந்தப் பேச்சு. எழுதப்போவதை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். "நல்லாருக்கா?" என்பார். "அந்தப் பயலுக்குத்தேன் வேற வேல இல்ல, உங்களுக்குமா?" என்பாள் இவள்.

அருண்பிரசாத் மட்டும் சும்மா வாயாடுகிறவன் இல்லை. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவன் பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. "பேட்டன்ட் இல்லீன்னா எவனுங்ணா மண்டைய ஒடைச்சிட்டு புதுசா கண்டுபுடிப்பான்? நாயா பேயா ஒழைச்சவனுக்கு என்னங்ணா மிச்சம்?" என்பான். இரண்டு பேரும் விடாக்கண்டன் கொடாக்கண்டன்.

ஒருநாள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து, ஊர்ச்சனம் கப்பலேறிப் போன பிறகு மரகதம் அவருடைய ஃபோனைச் சார்ஜில் போட்டாள். குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். மேலேயே அருண்பிரசாத் நின்றான். "என்னங்ணா, ஆளையே காணோம்? பதில் இல்லீன்னா இல்லைன்னு சொல்லிப்போட்டுப் போலாமல்லோ?" கீழே ஊரே சிரித்திருந்தது.

செத்தும் போய், தோற்றும் போகணுமா மனுசன்? அதற்கு அவர் வைத்திருந்த பதில் இவளுக்குத் தெரியும். கடைசியாகச் சாப்பிட்ட அன்றைக்கு, தட்டு முன்னால் உட்கார்ந்து முழுசாகச் சொல்லிக் காட்டியிருந்தார். அழுதுகொண்டே எழுதினாள்: "ஓடல தம்பி உடம்புக்கு முடியல இப்ப சொல்றேன் கேட்டுக்க." அதன் கீழே அவர் சொன்னதை, சொன்னபடியே எழுதி அனுப்பினாள். சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

முதல் பதில் அவருடையது. இரண்டாவதிலிருந்து இவளுடைய பாடு.

கருணை அடிப்படையில் ஃபீனிக்ஸ் பேயிலேயே டிக்கெட் கவுன்டரில் வேலை கிடைத்தது. வரிசையில் நிற்கிறவர்கள் புலம்புவதுதான் அவளுக்கு மூலதனம். புது பேட்டரி போட்டதும் ஃபோன் முறைத்துக்கொண்டதாக ஒரு கேம்பல் பே ஊர்க்காரர் சொல்வார். ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடியதைப் படம் பிடித்துப் போட்ட வாத்தியார் ஒருவர், பாட்டுக்குச் சொந்தக்காரக் கம்பெனி சத்தத்தை உருவிவிட்டதால் பிள்ளைகள் ஊமைக்கூத்து ஆடுவதாகத் தலையிலடித்துக்கொள்வார். மறுநாள் அதெல்லாம் ஒச்சப்பனின் அனுபவமாகக் குழுவில் வந்துவிடும். அவருக்குக் கமா, முற்றுப்புள்ளி எதுவும் ஆகாது. இவளும் வைப்பதில்லை. எடுத்த எடுப்பில் "தம்பி" என்பார். இவளும் அப்படியே. அருண்பிரசாத் கல்யாணத்துக்கு, "அண்ணா, சண்டையெல்லாம் வெளியிலதான், குடும்பத்தோட வந்துருங்க" என்று அழைத்தபோது மட்டும் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கடைசியில், "கப்பல் டிக்கெட் கிடைக்கல தம்பி" என்று எழுதினாள். டிக்கெட் கொடுக்கிறவளே டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் அடுக்குமா?

சென்னையில் நர்சிங் படிக்கிற மகள் மீனாவுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. "அப்பா பேர்ல எழுதாதம்மா, பயமா இருக்கு. பேசணும்னா உன் பேர்ல ஒண்ணு ஆரம்பிச்சுக்கோ" என்று ஃபோனில் சண்டை பிடிப்பாள்.

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? எனக்குன்னு சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று மரகதம் பேச்சை மாற்றிவிடுவாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு எப்போதோ சலித்துவிட்டது. கம்பெனி பெயர் மாறுகிறது, சண்டை மாறுவதில்லை. போன வருஷம் விளக்கிச் சொன்னதையே இந்த வருஷம் புதிதாக ஒருவன் வந்து முதலிலிருந்து கேட்கிறான். சுற்றின இடத்தையே சுற்றுகிற செக்குமாட்டுப் பிழைப்பு. இவ்வளவு கத்தி ஒரு கம்பெனியாவது ஒரு பூட்டையாவது கழற்றியதா? கிடையாது. பகலெல்லாம் கவுன்டரில் ஹிந்தியில் கத்திவிட்டு வந்து, மிச்சத் தொண்டையையும் தமிழில் கத்தித் தீர்க்க வேண்டும். போதும்டா சாமி என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்த நாட்கள் எத்தனையோ. ஆனால் அவள் நிறுத்தினால் ஒச்சப்பன் வாயடைத்துப் போனார் என்று ஆகிவிடும். அது மட்டும் கூடாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குழு நடக்கிற தளத்தின் கம்பெனி ஓர் அறிவிப்பு போட்டது. இதுவரை எல்லோரும் எழுதியதை எடுத்துத் தன் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கொடுக்கப்போகிறதாம். குழு கொதித்தது. அருண்பிரசாத் வழக்கம்போல நிதானமாக வந்தான். "கோவிச்சுட்டு என்னங்ணா பண்றது? அக்கவுன்ட் கம்பெனியோடது. நாமெல்லாம் அங்க சும்மா குடியிருக்கறோம். செத்துப்போனா சாவி ஓனருக்குப் போயிரும்."

அன்றைக்குக் கடல் சரியில்லாமல் படகெல்லாம் ரத்து. கடலே மரகதத்தின் அதிகாரத்தில் இருப்பதைப்போல ஆளாளுக்கு அவளைப் பிடித்து ஏசியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகையில் அந்தச் 'செத்துப்போனா' கண்ணில் பட்டது. சொல்லிப் பார்க்கவில்லை. ஆற அமர யோசிக்கவும் இல்லை. நின்றபடியே எழுதினாள்.

"தம்பி ஒச்சப்பன் செத்து நாலு வருசம் ஆச்சு. எழுதுறது அவரு சம்சாரம் மரகதம். நாலு வருசமா நான்தேன் இங்க குடியிருக்கேன். உங்க ஓனரு வந்து காலி பண்ணச் சொல்லட்டும் பாப்போம்."

குழு அசந்துபோனது. எதிராளி மூச்சு விடாமல் கிடப்பதைப் பார்த்து மரகதத்துக்கு ஒரு நிமிஷம் அப்படி ஒரு சந்தோஷம். ஜெயிச்சாச்சுங்க என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடச் சொன்னாள்.

அப்புறம் இரங்கல் வர ஆரம்பித்தது. கும்பிடுகிற கை, எரிகிற மெழுகுவத்தி, 'ஈடு செய்ய முடியாத இழப்பு'. நாலு வருஷத்துக்கு முந்தைய சாவுக்கு இன்றைக்கு ஒப்பாரி. அவள் விட்ட சவாலை ஒருத்தரும் தொடவில்லை. எல்லோருக்கும் அவள் திடீரென்று தாலியறுத்தவளாகிவிட்டாள்.

அதில் இராமகிருஷ்ணன் என்று தஞ்சாவூரில் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தங்கமான மனிதர். நம்மைப் பிடிக்காதவர்களிடமிருந்து தப்பித்துவிடலாம், தங்கமான மனிதர்களிடமிருந்து தப்புவது கஷ்டம். அவர் மெனக்கெட்டு, பட்டறைத் தொழிலாளர் சங்கம் அப்போது போட்ட கண்ணீர் அஞ்சலிப் படத்தைத் தேடி எடுத்து, "அண்ணன் பக்கத்தை யாரும் திருடிவிடாமல் பாதுகாக்கவும்" என்று கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். அனுப்பிய செய்தியைக் குழுவிலும் சொன்னார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

இரண்டொரு நாளில் மரகதத்தின் கையிலிருந்த ஃபோன் அவளை வெளியே தள்ளிவிட்டது. ஒச்சப்பன் பெயருக்கு மேலே 'நினைவில்' என்று ஒரு சொல் ஏறிக்கொண்டது. இனி அந்தப் பெயரில் ஒரு எழுத்து எழுத முடியாது. உதவி கேட்டு எழுதினாள். "உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறோம்" என்று உடனே பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி அதே வருத்தம், ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. "வருந்துறாய்ங்களாம்ல" என்று ஃபோனைத் தூக்கி அரிசி மூட்டைமேல் எறிந்தாள்.

அன்றிலிருந்து பாத்திரம் சத்தமில்லாமல் தேய்ந்தது. இரண்டாம் முறையாக அவரைத் தூக்கிக்கொண்டு போனதைப்போல இருந்தது அவளுக்கு. ஷிப்ராவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசலில் உட்கார்ந்திருந்த மரகதத்தை எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா தீதி, கோயம்புத்தூர்வாலா மர் கயா க்யா?" என்றாள். ஆள் செத்துவிட்டானா என்று கேள்வி. அவன் எங்கே செத்தான் என்று மரகதம் நடந்ததைச் சொன்னாள். ஷிப்ரா தன் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மரகதம் கடைசியாக எழுதிய அந்தப் பதில் அப்படியே இருந்தது. அதன் கீழே கும்பிடுகிற கைகள், மெழுகுவத்திகள். தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அடியில் அருண்பிரசாத் நீளமாக எழுதியிருந்தான். அதற்குக் கீழே பத்துப் பேர், "நீயெல்லாம் மனுசனாடா?" என்று அவனைக் காறித் துப்பியிருந்தார்கள்.

"அக்கா, எல்லாரும் இரங்கல் சொல்றாங்க. எனக்கு வரமாட்டேங்குது. நாலு வருசமா நான் திட்டு வாங்குனது உங்ககிட்டத்தான். அதனால உங்ககிட்டப் பேசற மாதிரியே பேசறேன். காலி பண்ணச் சொல்லட்டும்னீங்க, பண்ணிப்போட்டாங்க. அப்ப நான் சொன்னதுதானுங்களே சரி? சேரும்போதே விதி எல்லாம் போட்டிருக்குது. அதைப் படிக்காம ஒத்துக்கிட்டது அண்ணன் தப்பு. இல்லீன்னு சொன்னா நீங்களே வந்து சொல்லுங்க."

"க்யா லிக்கா ஹை?" என்று தமிழ் தெரியாத ஷிப்ரா, என்ன எழுதியிருக்கிறான் என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஜகடா கர்தா ஹை" என்றாள் மரகதம். சண்டை போடுகிறான். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. இத்தனை பேரில் இவன் ஒருத்தன்தான் அவளை மதித்துக் கேள்வி கேட்டிருக்கிறான். படுபாவிப் பயல்.

ஆனால் அவன் எழுதியதை அப்படியே விட்டுவிட முடியுமா? ஒச்சப்பனால் இனிப் பதில் சொல்ல முடியாது. இவள் பேசாமல் இருந்தால், 'அண்ணன் தப்பு' என்பதுதான் அவர் பெயருக்குக் கீழே காலத்துக்கும் கடைசி வார்த்தையாக நிற்கும். மரகதம் ஷிப்ராவின் ஃபோனைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய், அரிசி மூட்டை இடுக்கிலிருந்து தன் ஃபோனை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். புதிய கணக்கு என்ற இடத்தைத் தொட்டாள். பெயர் கேட்டது. மரகதம் என்று அடித்தாள்.

"அண்ணன் தப்பா? எலேய் தம்பி, யாரு தப்புன்னு இப்பச் சொல்றேன் கேட்டுக்க" என்று வாய் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. அடுத்த பக்கத்தில் கம்பெனியின் விதிகள் பொடி எழுத்தில் வரிசை வரிசையாக வந்து நின்றன, அடியே காணாத நீளத்துக்கு. மரகதம் கண்ணாடியைத் தேடவில்லை. கட்டைவிரலால் சரசரவென்று மேலே தள்ளிவிட்டு, அடியில் இருந்த 'ஒத்துக்கொள்கிறேன்' என்பதை அமுக்கினாள்.