மெர்லோ வைத்த படையல்

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையை, ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். கறி சமைக்கக் கூடாது, குடி கூடவே கூடாது என்பது என் சட்டம். இதில் பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. என் அப்பா சாராயம் குடித்தே எங்களைத் தெருவில் நிறுத்தியவர். அந்த வாடை என் வாசற்படி ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

எழுபதுகளில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். சட்டத்தைச் சொன்னதும், ஏதோ வாடகையைக் குறைத்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டு அன்றைக்கே பெட்டியை இறக்கிவிட்டார். தமிழும் பேசப் பழகினார். அவர் ஊர் முழுக்கத் திராட்சைத் தோட்டமாம். அதில் மெர்லோ என்று ஒரு ரகம். அதில் எடுக்கும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். சாயங்காலம் கிணற்றடியில் டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசுவார். ஒருநாள் நாகப்பழம் தின்று ஊதா ஏறிய நாக்கை நீட்டிக் காட்டினார்.

"இதேதாம்மா. இந்த வாசனை, கடைசியில இந்தத் துவர்ப்பு. ஆனா மெர்லோ இதைவிட சாது."

"பேச்சோட நிக்கட்டும்" என்றேன். சிரித்தார். மதுவிலக்கு இருந்தபோதும் வெள்ளைக்காரர்களுக்குக் குடிக்க பெர்மிட் கிடைக்கும், அவர் வாங்கவில்லை. இத்தனை ஆசையையும் எனக்காக அடக்கிக்கொள்கிறார் என்று உள்ளூர எனக்குப் பெருமை.

எண்பதுகளில் மாரடைப்பில் போய்விட்டார். வருஷம் திரும்பியபோது அவருடைய அக்கா பிரான்சிலிருந்து வந்திருந்தார். நம் வழக்கப்படி படையல் போடலாம் என்றார், பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் இலையில் வைப்போம். சில வீடுகளில் சுருட்டும் சாராயமும்கூட உண்டு. அப்பாவின் படையலில் சாராயம் வைக்க நான் விட்டதே இல்லை.

"இவருக்காவது வெக்கலாம். மனுசன் உனக்காகத்தானே வாயைக் கட்டிக்கினு இருந்தாரு" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் மனசு இளகிவிட்டது. வீட்டுக்காரரே பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, கடை கடையாக விசாரித்து, ஒரு மெர்லோ பாட்டிலை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

பிரெஞ்சுக்காரர் இருந்த அறையிலேயே அவர் படத்தை வைத்து, இலை போட்டு, வடை, பாயசம், டம்ளர் நிறைய மெர்லோ. கற்பூரம் காட்டிவிட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கம்போலக் கதவைச் சாத்தி வெளியே உட்கார்ந்தோம். டம்ளரில் என்ன என்று அக்கா கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"அங்க பெரிய குடிகாரராம் இவரு. பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் உட்டுட்டுப் போய்ட்டாங்களாம். குடியை நிறுத்தத்தான் இங்க வந்தாராம். குடிக்கவே உடாத வீடு ஒண்ணு கெடைச்சுதுன்னு அக்காகிட்ட சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுவாராம்."

உள்ளே அவரை அந்த டம்ளரோடு தனியாக விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

"இப்பத் தொறக்கக் கூடாது, இரு" என்றார் வீட்டுக்காரர். நான் எழுந்துபோய்த் திறந்துவிட்டேன்.

டம்ளர் வைத்தது வைத்தபடி, விளிம்பு வரைக்கும் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நாகப்பழம்தான், கடைசியில் அந்தத் துவர்ப்பு. மீதியைக் கிணற்றடியில் கொட்டும்போது அப்பாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்து அழுதுவிட்டேன். அப்பாவுக்கு வைத்திருந்தால் டம்ளர் காலியாக இருந்திருக்கும்.