லீக்ஸ் பாத்தி

பண்டாரவளைச் சந்தையில் இன்று ஒருவர் வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸ் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியபோது எழுந்த ஈர மண் வாசனையில், தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், கழிவுநீர்க் கானுக்கும் தேயிலைக்கும் நடுவே இருந்த இரண்டு பாய் அகலப் பாத்தி நினைவுக்கு வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

அம்மா பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுத்திருக்க, நேரே அந்தப் பாத்திக்குத்தான் போவார். சாணத்தைக் கரைத்து ஊற்றுவார், லீக்ஸ் தண்டைச் சுற்றி மண் அணைப்பார், குழாயடிச் சத்தம் ஓயும்வரை எழுந்திருக்க மாட்டார்.

பள்ளியில் விவசாயத்தின் வகைகளை எழுதச் சொன்ன அன்று, நெல், காடு வெட்டிச் செய்யும் சேனை, மரக்கறி, பெருந்தோட்டம் என்று எழுதிவிட்டு வந்து, "அம்மா, நீங்க ரெண்டு விவசாயம் செய்றீங்க" என்றேன் பெருமையாக.

அம்மா நிமிரவில்லை. "மண்ணு உள்ளவங்க செஞ்சாத்தான் அது விவசாயம். நாம பாக்குறது வேல."

அடுத்த மாதமே, புதுத் தேயிலைக் கன்று நட வேண்டுமென்று தோட்டத்து ஆட்கள் பாத்தியைக் கொத்திப் போட்டார்கள். பாதி வளர்ந்த லீக்ஸை அம்மா வாரிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் அதையே தின்றோம். இப்போது அந்த லயமும் இல்லை.

இன்று நான் வாங்கி வந்த லீக்ஸின் வேர்க்கட்டைகளை எறிய விடாமல், வெறும் தயிர்ச் சட்டியில் ஊன்ற அம்மா முற்றத்தில் குந்தினார். மண்ணை அள்ளப் போன கை பாதியில் நின்றது.

"வாடக வீடாச்சே... வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டியா?"